பக்கம் 112இல் பிருந்தனுக்கு நான்கு வாக்கியங்கள்

ஸ்டுட்கார்ட்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அத்தான், எமது தமிழர் கலை விளையாட்டுக் கழகத்தின் முப்பத்தைந்தாம் ஆண்டு மலரின் ஆசிரியர் திரு. விஜயரத்தினம் அவர்களுக்கு,

இங்கு நானும் வீட்டாரும் நலம். தாங்களும் கமலநாயகி அக்காவும் நலமா என்று விசாரிக்க வேண்டிய தேவை எழவில்லை. சனிக்கிழமை தமிழ்க் கடையில் என்னைக் கண்டதும் முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பின்னால் தாங்கள் குனிந்த வேகத்திலிருந்தே தங்கள் முழங்கால் வலி முற்றாகக் குணமாகிவிட்டது என்று அறிந்து மகிழ்ந்தேன். இரண்டு பேருந்துத் தரிப்பிடத் தூரத்தில் இருப்பவருக்குப் பதிவுத் தபால் எதற்கு என்று தாங்கள் வியக்கக்கூடும். தொலைபேசியில் கதைத்தால் அக்கா ஒலிபெருக்கியை இயக்கிவிடுகிறார். பிறகு இருவருமாகச் சேர்ந்து நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறீர்கள். அத்துடன் எந்த விடயமும் முடிந்துபோகிறது. இக்கடிதத்தைக் கையொப்பமிட்டுத்தான் தாங்கள் பெறவேண்டியிருக்கும்.

விடயம் பின்வருமாறு. மலரின் 112ஆம் பக்கத்தில், ‘எமது விளையாட்டு வீரர்கள்’ என்ற தலைப்பின் அடியில், கரம் பலகை ஆட்டக்காரர் ஒருவருக்கு இரண்டு பக்கங்களும், 1994இல் கரப்பந்தாட்ட அணியின் மேலதிக வீரராகக் களமிறங்காமல் வாங்கில் இருந்த தங்களுக்கு நான்கு பக்கங்களும் மூன்று நிழற்படங்களும் ஒதுக்கப்பட்டதன் பின்னர் எஞ்சிய மூலையில், இருபத்திரண்டு பருவங்கள் பேஸ்போல் ஆடி ஓய்வுபெற்ற பிருந்தனைப் பற்றி நான்கு வாக்கியங்கள் அச்சாகியுள்ளன. அவற்றை இங்கே எழுத்துப் பிசகாமல் தருகிறேன்: “பிருந்தன் பரராசசிங்கம் கிரிக்கெட்டை ஒத்த விளையாட்டொன்றில் ஈடுபட்டவர். 418 போட்டிகளில் 331 தடவைகள் மட்டுமே பந்தைச் சரியாக அடித்தார். 71 தடவைகள் பந்து அவரை அடித்தது. ஆயினும் மனந்தளராது தொடர்ந்து பங்குபற்றினார்.” பக்கத்திலுள்ள நிழற்படத்தில் முகமூடியுடன் இருப்பவர் பிருந்தன் அல்லர். அவர் நடுவர்.

இந்த எண்களைத் தங்களுக்குத் தந்தவன் நான். ஒன்பது பக்கக் கட்டுரையும் மூன்று அட்டவணைகளும் தந்தேன். “மச்சான், சனம் வாசிக்காது, கொஞ்சம் சுருக்கித் தாங்கோ” என்றீர்கள், ஆறு பக்கமாக்கினேன். “இன்னும் கொஞ்சம்” என்றீர்கள். அட்டவணைகளைக் கைவிட்டேன், அது எனக்கு எளிதாக இருக்கவில்லை. அதன் பிறகு மலரைத் தட்டச்சுச் செய்த தக்சாயினியிடம் தாங்கள் சொன்னதாக நான் அறிவது இது: “பிள்ளை, உதிலை இலக்கமா இருக்கிறதை மட்டும் எடுத்துப் போடும், மிச்சம் விளங்காது.” அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. அவர் தாங்கள் சொன்னதைச் செய்தவர்.

பிருந்தன் ஆடிய நெக்கார் பீபர்ஸ் பேஸ்போல் கழகத்தின் ஆட்டப் பதிவாளனாக நான் எவ்வாறு ஆனேன் என்பதைத் தாங்கள் மறந்திருப்பீர்கள். இருபத்தொரு வயதுப் பிருந்தனின் தோளில் பந்து பட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு, அவருடைய தாயார் அழுததால், மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே கழகச் செயலாளர் டொறத்தி அம்மையார் என் கையில் ஒரு பென்சிலைத் தந்து, கணக்குத் தெரியுமா என்று கேட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற்று, இந்நாட்டில் எட்டு ஆண்டுகள் பொதி பிரித்துக்கொண்டிருந்த என்னிடம் அக்கேள்வியைக் கேட்ட முதலாவது மனிதர் அவர். அன்றிலிருந்து ஒரு போட்டியையும் நான் தவறவிடவில்லை. ஆகவே பின்வருவன அபிப்பிராயங்கள் அல்ல.

பேஸ்போல் ஆட்டத்தில் மட்டையாளரின் வேலை ஆட்டமிழக்காமல் முதலாம் தளத்தை அடைவதே. அடிப்பது அதற்கு ஒரு வழி மட்டுமே. பந்து வீசுபவர் நான்கு பந்துகளை அடிக்கக்கூடிய எல்லைக்கு வெளியே வீசினால் மட்டையாளர் நடந்தே முதலாம் தளத்துக்குப் போகலாம். பிருந்தன் அவ்வாறு 402 தடவைகள் நடந்தார், ஏனெனில் தீய பந்தைத் தீண்டாமல் விடும் கண் அந்தப் போட்டிப் பிரிவில் அவருக்கிருந்ததுபோல் வேறெவருக்கும் இருக்கவில்லை. பந்து உடம்பில் பட்டாலும் முதலாம் தளம் அவருடையது. தாங்கள் அனுதாபத்தோடு அச்சிட்ட அந்த 71 தடவைகளும் அவருடைய வெற்றிகள், அத்தான். அடித்தவை, நடந்தவை, பட்டவை எல்லாவற்றையும் கூட்டினால், நூறு தடவைகளில் நாற்பத்துமூன்று தடவைகள் அவர் தளத்தை அடைந்தார். தங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்வதானால், தங்கள் கரம் ஆட்டக்காரர் நூற்றில் நாற்பத்துமூன்று தடவை எதையாவது அடைந்ததாக மலரில் எங்கும் இல்லை. ஓய்வுபெற்ற நாளில் பீபர்ஸ் கழகத்தார் உரை எதையும் ஆற்றவில்லை. களஞ்சியக் கொட்டிலின் பூட்டுத் திறப்பைத் திருப்பிக் கேட்காமல் விட்டார்கள். ஜேர்மனியர்கள் ஒருவருக்குச் செய்யக்கூடிய உச்ச மரியாதை அதுவே. நாங்கள் செய்தது நான்கு வாக்கியங்கள்.

இப்போது 2008ஆம் ஆண்டின் அந்தப் போட்டிக்கு வருகிறேன். பிரிவு உயர்வதற்கான இறுதி ஆட்டம் அது. தாங்கள் இரண்டு வான்களில் முப்பத்தொரு தமிழரையும் இருநூறு மட்டன் ரோல்ஸையும் ஏற்றிவந்தீர்கள். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிருந்தனின் மட்டையில் உரசிப் பின்புறமாகப் போன முதலாவது பந்துக்கே தாங்கள் எழும்பி நின்று “நாலு!” என்று கத்தினீர்கள், அடுத்ததும் பின்புற வேலிக்கு மேலால் போய் யாரோ ஒருவரின் காரில் விழுந்தபோது “ஆறு!” என்று முப்பத்தொரு பேரும் கத்தினார்கள், பின்புறம் போன பந்துக்கு அவ்விளையாட்டில் ஒன்றும் கிடையாது என்று நான் பதிவு மேசையிலிருந்து சைகை காட்டியதைத் தாங்கள் கையசைப்பாக எடுத்துக்கொண்டு எனக்குக் கையசைத்தீர்கள். ஐந்தாம் சுற்றில் தங்கள் கணக்கின்படி பிருந்தன் முப்பத்தெட்டு ஓட்டங்கள், ஆட்டமிழக்கவில்லை. உண்மைக் கணக்கில் மூன்றுக்கு மூன்று என்று இரு அணிகளும் சமநிலையில் நின்றன. அதே சுற்றில் அவருடைய விலாவில் பந்து பட்டு, அவர் மகிழ்ச்சியோடு முதலாம் தளத்துக்கு ஓட, அக்கா கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினார். “நில்லடா ராசா, பூசிப்போட்டு ஓடு!” என்று அவர் கூப்பிட்டது எல்லோருக்கும் கேட்டது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அன்றைய பதிவேட்டில் என் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது: ‘தடை, நான்கு நிமிடங்கள். காரணம்: அக்கா.’

இவை எல்லாவற்றையும் நான் மன்னித்திருப்பேன். கடைசிச் சுற்றில் நிகழ்ந்ததை மன்னிக்கவில்லை. எமது ஆள் ஒருவர் இரண்டாம் தளத்தில் நின்றார். அவரை மூன்றாம் தளத்துக்கு நகர்த்தினால் வெற்றி கிட்டத்தட்டக் கைக்குள் வந்துவிடும். பிருந்தன் மட்டையை இரு கைகளாலும் குறுக்கே பிடித்து, பந்தைத் தொட்டாற்போல் காலடியில் விழுத்திவிட்டு ஓடினார். எதிரணியினர் அவரை ஆட்டமிழக்கச் செய்தார்கள். அந்த இடைவெளியில் எமது ஆள் மூன்றாம் தளத்தை அடைந்தார். தன்னைக் கொடுத்து மற்றவரை முன்னேற்றும் அடி அது. பிருந்தன் தன் வாழ்நாளில் 63 தடவைகள் அதைச் செய்தார், பிரிவில் அது சாதனை. அடுத்த மட்டையாளர் பந்தை உயர அடிக்க எமது ஆள் மூன்றாம் தளத்திலிருந்து ஓடிவந்து ஓட்டத்தை எடுத்தார், வென்றோம். பீபர்ஸ் வீரர்கள் எல்லோரும் பிருந்தனையே கட்டிப்பிடித்தார்கள். அப்போது தாங்கள் உரக்கக் கேட்டீர்கள்: “அவுட் ஆனவனை ஏன்ரா தூக்கிறாங்கள்? இதென்ன கோதாரி விளையாட்டு?” தங்கள் பக்கத்தில் இருந்தவர் பிருந்தனின் தந்தை பரராசசிங்கம் அண்ணை. இளமையில் கல்லூரிக் கிரிக்கெட் அணியின் தொடக்க ஆட்டக்காரர். ஒருமுறை தேநீர் இடைவேளை வரைக்கும் ஆட்டமிழக்காமல் பதினொரு ஓட்டங்கள் எடுத்தவர். அவர் எழும்பிக் காற்சட்டையைத் தட்டிவிட்டு, “வேணுமெண்டு அவுட் ஆகிறவனை நான் வளர்க்கேல்லை” என்று சொல்லி வானுக்குள் போய் இருந்துகொண்டார். அதன் பிறகு பதினேழு ஆண்டுகளில் அவர் தன் மகனின் ஓர் ஆட்டத்தையும் பார்க்கவில்லை. நான் விளக்க முற்பட்டபோதெல்லாம் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். பிருந்தனும் வீட்டில் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தான் எங்கே போனார் என்பதை இருபத்திரண்டு ஆண்டுகளாக ‘வெளியிலை’ என்ற ஒரு சொல்லால் சொல்லி முடித்தவர் அவர்.

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் வசிக்கும் அண்ணைக்கு இப்போது எழுபத்தாறு வயது. தன் மகன் எத்தகைய ஆட்டக்காரன் என்று அவர் அறிவதற்கு எஞ்சியிருந்த கடைசி வழி எமது மலர்தான் என்று நான் எண்ணியிருந்தேன், ஏனெனில் அச்சில் வந்ததை மட்டுமே அவர் நம்புபவர். நேற்று மாலை அவர் என்னைப் படிக்கட்டில் மறித்து, மலரைக் காட்டி, இவ்வாறு சொன்னார்: “இருபத்திரண்டு வருசத்திலை முந்நூற்றி முப்பத்தொண்டு. வருசத்துக்குப் பதினைஞ்சு. உதை நாங்கள் ஒரு பின்னேரத்திலை அடிக்கிறது, தம்பி.” அவருடைய வகுத்தல் சரியானது. அதுதான் என்னை நேற்றிரவு உறங்கவிடவில்லை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன இரண்டு. இவற்றை வேண்டுகோள் என்று குறிப்பிடுவது உறவுமுறை கருதி மட்டுமே. ஒன்று: என் கட்டுரையின் முதலிரு பக்கங்களைத் திருத்தத் தாளாக அச்சிட்டு, நானூறு பிரதிகளிலும் 112ஆம் பக்கத்தின் மேல் ஒட்டவேண்டும், பசை என்னிடம் உண்டு. இரண்டு: வருகிற சனிக்கிழமை ஆண்டு விழாவில் பிருந்தனை மேடைக்கு அழைத்து, பரராசசிங்கம் அண்ணையின் கையாலேயே பொன்னாடை போர்த்தி, அவரை இரண்டு வார்த்தை பேச வைக்கவேண்டும். தந்தை தன் மகனைப் பற்றிச் சபையில் பேசுவதை நான் ஒருமுறை கேட்கவேண்டும். இவ்விரண்டும் நிகழாவிடின், அன்றைய நிகழ்ச்சித் தொகுப்பாளனாக நான் மேடை ஏறமாட்டேன். அந்தப் பொறுப்பைத் தாங்களே ஏற்று, கரப்பந்தாட்டம் பற்றி மேலும் நான்கு பக்கங்கள் பேசலாம்.

அக்காவுக்கு என் அன்பையும், தங்கள் முழங்கால்களுக்கு நீடித்த ஆரோக்கியத்தையும் தெரிவித்து, எல்லாம் வல்ல முருகப்பெருமான் தங்கள் குடும்பத்தையும் தங்கள் மலர்க்குழுவையும் அவரவர் தகுதிக்கேற்பக் காத்தருள வேண்டுமென வேண்டி அமைகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மைத்துனன்,
கு. தவநேசன்

பி.கு.: கடிதத்தை உறையிலிடுமுன் பரராசசிங்கம் அண்ணையின் வயதைச் சரிபார்க்க மேல்மாடிக்குப் போனேன். கையிலிருந்த தாள்களைக் கண்டு, “என்ன, விஜயத்துக்கு ஏச்சுக் கடிதமோ? வாசியும்” என்றார். வானொலியைத் தானாகவே நிறுத்தினார். முழுவதையும் கண்ணை மூடியபடி கேட்டார். நான் முடித்ததும் கேட்டார்:

“அப்ப பந்து மேலிலை பட்டால், அடியாமலே போகலாமோ?”

“ஓம் அண்ணை.”

“ஒருத்தரும் மறிக்கேலாதோ?”

“ஏலாது.”

“அப்பிடியெண்டால், நான் வந்த அண்டைக்கு, ரெண்டாந்தரம் அடிக்க வந்தவன், நெஞ்சுக்கு நேரை வந்த பந்துக்கு ஏன் விலத்தினவன்?”

பட வரும் பந்துக்கு விலகிக்கொள்ள முயலவேண்டும் என்பது விதி என்று விளக்கினேன்.

“முயற்சி செய்யவேணும் எண்டுதானே சட்டம்? அதிலை வெல்லவேணும் எண்டில்லையே. எழுபத்தொண்டோடை நிண்டிட்டான், சோம்பேறி.”

அத்தான், அவர் இப்போது என் வரவேற்பறையில் இருபத்திரண்டு பதிவேடுகளையும் நிலத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, விலத்திய பந்துகளைத் தேடுகிறார். அவற்றை நான் ஒருபோதும் குறித்துவைக்கவில்லை என்று அறிந்ததும், “பிறகென்ன கணக்கு எழுதினனீர்?” என்று கேட்டார். சனிக்கிழமைக்கு இரண்டு வார்த்தை போதாது, அரை மணித்தியாலம் வேண்டுமாம். இடையிடையே தன் உரையின் ஏழாம் பக்கம் எழுதுகிறார்.

ஆகவே நான் மேலே கேட்ட இரண்டையும் மீளப் பெற்றுக்கொள்கிறேன். தங்கள் நான்கு வாக்கியங்களும் அப்படியே இருக்கட்டும், அளவானவை. தொகுப்புரையை வழமைபோல் நானே செய்கிறேன். ஆனால் அண்ணையிடம் ஒலிவாங்கியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் பிருந்தன் எழுபத்திரண்டாவது அடியையும் வாங்குவார், அதற்குத் தளமும் கிடைக்காது.