யாரும் போவாத தீவுக்குப் போய்ட்டு வந்தவரு

மனுசன்ல பல ரகம் கீது. கல்யாணத்துல மொதப் பந்தியில குந்துற ரகம், குந்தி துன்னுட்டு உப்பு கம்மின்னு சொல்ற ரகம், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். இப்ப நான் சொல்லப்போற ரகம் புதுசு. ராயபுரம், திருவொத்தியூர், எண்ணூர்னு எங்க கடலோரம் பூரா பரவிக்கினு கீது. அதும் பேரு, "யாரும் போவாத எடத்துக்குப் போய்ட்டு வந்தவரு."

பார்த்தவொடனே கண்டுபுடிச்சிடலாம். மூக்கு மேல வெயில்ல தோலு உரிஞ்சிருக்கும். சட்டை ஜோபியில ஒரு வெள்ளக் கல்லு இருக்கும். டீக்கடைல வந்து குந்தி, அந்தக் கல்ல எடுத்து பெஞ்சி மேல வெச்சி, கேளுங்கப்பான்னு வாயால சொல்லாம கண்ணால சொல்லி, ஒருத்தனும் கேக்கலைன்னா ரெண்டு தபா இருமி, அப்பவும் கேக்கலைன்னா அந்தக் கல்ல அடுத்தவன் பன்னு மேலயே வெச்சிடுவாரு. "இன்னாப்பா இது, பன்னுல கல்லு?"ன்னு அவன் கேப்பான்.

மாட்டுனான்.

"இது கல்லு இல்ல மாமு. பவளப்பாறை." நாலு பக்கமும் திரும்பிப் பாப்பாரு. கொரலத் தணிச்சிக்குவாரு. "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். வெளிய வுடாத." தணிச்ச கொரலு நாலு தெரு தள்ளி கீற கல்மண்டபம் வரைக்கும் கேக்கும்.

எங்க தெருவுல இந்த ரகத்துக்கு ராஜா யாருன்னா, பக்கத்து வூட்டு கமாலு. ஆர்பர்ல கிரேன் ஓட்டுறவரு. ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துல கட்டிக்குடுத்த தங்கச்சி வூட்டு விசேசத்துக்குப் போனவரு, மச்சானோட போட்ல ஏறி ஒரு தீவுக்குப் போய்ட்டு வந்துட்டாரு. தீவு பேரு நான் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கே பாயச் சுருட்டிக்கினு நீங்க கெளம்பிடுவீங்க, உங்களப் பத்தித் தெரியாதா?

அன்னைலேந்து மனுசனுக்கு இங்க எதுவுமே புடிக்கல. நம்ம கடலப் பார்த்து, "இதுவா கடலு? உள்ள பார்த்தா எண்ணெயும் கரியும் எவனோ வுட்ட ஒத்தச் செருப்பும்தான் கீது. எங்க தீவுல தண்ணி கண்ணாடி மாமு! அடியில மான் கொம்பு மாதிரி ஒரு செடி, பூக்கோசு மாதிரி ஒரு கல்லு, கிளி மூக்கு வெச்ச பச்ச மீனு. அது பாட்டுக்கு வந்து கால்ல முத்தம் குடுத்துட்டுப் போவுது. ஒரு காக்கா குஞ்சி கெடையாது!"ம்பாரு. பிரியாணி துன்னாலும் தீவு. சாவு வூட்டுக்குப் போனாலும் தீவு. பாடைய தூக்குறப்போ என் காதுல, "இந்த மாதிரி கூட்டம் அங்க கெடையாது மாமு"ன்னாரு.

எனக்குப் பேத்தி பொறந்தன்னைக்கு நான் கல்கண்டு எடுத்துக்கினு போனேன். நீலான்னு பேரு வெச்சிக்கிறோம், மூக்கு என் மூக்கு, அழுவுறதுல ஆர்பர் சங்கே தோத்துடும்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள, கமாலு கல்கண்ட வாயில போட்டுக்கினு, "வெள்ளையா இதே மாதிரிதான் மாமு அந்தப் பாறை"ன்னாரு. எனக்கு வந்திச்சி பாருங்க கோவம். பொறந்த கொழந்தைய வுட கல்லு பெருசாப் போச்சா?

ஒண்ணு கவனிச்சீங்களா? இந்த ரகத்துக்கு வேண்டியது காலியான எடம் இல்ல. காலியான எடத்தப் பத்தி சொல்றதுக்கு ஒரு கூட்டம்தான் வேணும். கூட்டமே இல்லாத சலூனு ஒண்ணு கீதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, அப்பால தாடியோட வாசல்ல காத்துக்கினு நிக்கிறானே, அவன் இந்த ரகத்துக்குத் தம்பி.

கமாலு பொஞ்சாதி அஜீசா. நல்ல பொண்ணு. அந்த வூட்ல மாமனாரு, மாமியாரு, நாலு கொழுந்தனுங்க, அவங்க பொஞ்சாதிங்க, பசங்க. கல்யாணம் ஆயி வந்ததுலேந்து ஒரு நாளைக்கு எத்தினி தபா "அஜீசா"ன்னு கூப்புடுறாங்கன்னு பக்கத்து வூட்ல கீற நானே எண்ண முடியாம வுட்டுட்டேன். அஜீசா, வெந்நீ எங்க? அஜீசா, என் லுங்கி எங்க? அஜீசா, இந்தப் பூட்ட தொறக்க முடியல. தொழுகைக்கு நிக்கிறப்போ மட்டும்தான் வுடுவாங்க. சலாம் குடுத்து முடிச்சவொடனே, அஜீசா!

ஒரு நாளு சொவுத்துக்கு அந்தாண்டலேந்து என் காதுல வுழுந்திச்சி.

"எனக்கு உங்க மீனும் வேணாம், கல்லும் வேணாம். ஒரே ஒரு நாளு, என் பேர ஒருத்தரும் கூப்புடாத எடம்னா சொல்லுங்க, வரேன்."

"சத்தியமா சொல்றேன் அஜீசா, அந்தத் தீவுல உன் பேரு எவனுக்குமே தெரியாது. பொங்கல் லீவுக்கு நீயும் நானும் மட்டும். யாருகிட்டயும் மூச்சு வுடாத."

மூச்சு வுடாதயாம். யாரு யாருக்குச் சொல்றாருன்னு பாருங்க. அந்தம்மா மூச்சு வுடல. இந்த ஆளு வுட்ட மூச்சுல பாய்மரமே ஓடியிருக்கும்.

தீவுல தண்ணிக்குள்ள பாக்குறதுக்குன்னு கமாலு ஒரு வேல செஞ்சாரு. கிர்சனாயில் டின்னு ஒண்ணு எடுத்து, அடித்தகரத்த வெட்டிட்டு கண்ணாடி வெச்சி, தண்ணி உள்ள பூந்துடாம தார் வெச்சி அடைச்சாரு. டின்ன தண்ணி மேல வெச்சி உள்ள மூஞ்ச வுட்டா அடியில கீறதெல்லாம் பளிச்சின்னு தெரியுமாம். அதோட வுட்டாரா? லாரி ட்யூப வெட்டி ரெண்டு கண்ணாடிச் சில்லு பதிச்சி கண்ணுக்கு ஒரு மூடி. வாயில வெச்சி மூச்சு வுட வளைஞ்ச ரப்பர் கொழா ஒண்ணு. அத்த மாட்டிக்கினு தண்ணித் தொட்டியில தலைய வுட்டு, தண்ணியக் குடிச்சி, இருமி, கண்ணு செவந்து எழுந்தாரு. அதுக்கப்பால அத்த தொடல. தெருவே சொவுரு மேல ஏறி வேடிக்கை பார்த்திச்சி. அவங்க எல்லாருகிட்டயும் தனித்தனியா, "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்"ன்னு வெவரத்த சொன்னாரு.

அடுத்த வாரம் தகரக் கடை மஜீது என்ன நிறுத்தி, "இன்னா நைனா, தெருவுல ஆளாளுக்கு டின்னுக்கு அடியில கண்ணாடி வெச்சிக் குடுன்றாங்க, இன்னா சமாச்சாரம்?"ன்னான்.

"எனக்கு இன்னா தெரியும்? எனக்கும் ஒண்ணு வெச்சிக் குடு"ன்னேன்.

பொங்கலுக்கு எழும்பூர் ஸ்டேசன்ல வந்து நிக்கிறேன். கூட என் பொஞ்சாதி கன்னியம்மா, மவ, பேத்தி நீலா. தல நின்னுடுச்சி கொழந்தைக்கு, நல்லா பாக்குறா. ஒரு தூணுக்குப் பின்னாடி எங்க தெரு லூர்து நிக்கிறான். கைல துண்டு போட்டு மூடுன சதுரமா ஒண்ணு.

"எங்க நைனா, இந்தப் பக்கம்?"

"ராமேஸ்வரம். கொழந்தைக்கு மொட்ட. நீ எங்க?"

"பரமக்குடில சித்தப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. அது சரி, மொட்டைக்கு எதுக்கு டின்னு?"

"முடிய அள்ளிப் போட. சீக்காளிக்கு எதுக்குடா டின்னு?"

"கஞ்சி நைனா."

அந்தாண்ட மஜீது, குடும்பத்தோட. ஏர்வாடி தர்காவுக்காம். டின்னுல சர்க்கரையாம். சர்க்கரை டின்னு அடியில வெளக்கு வெளிச்சம் பட்டு பளபளன்னு மின்னுது. இப்பிடியே ப்ளாட்பாரம் பூரா எங்க தெரு நிக்கிது, ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்காம. கடைசியா கமாலும் அஜீசாவும் வந்தாங்க. கமாலு எங்களப் பார்த்தாரு. நாங்க கமாலப் பார்த்தோம். அஜீசா மட்டும் டின்னுங்களப் பார்த்திச்சி. ஒண்ணொண்ணா பார்த்திச்சி.

பரமக்குடி வந்திச்சி. லூர்து குறட்டை வுட்டான், கண்ணத் தொறந்துகினே. மண்டபத்துல மொத்தமா எறங்குனோம். கமாலோட மச்சான் போட்டு வெச்சிக்கினு நின்னவரு, "ரெண்டு பேருன்னு சொன்னீங்களே மச்சான், இது இன்னா கல்யாணப் பார்ட்டியா?"ன்னாரு. நாலு நடை அடிச்சாரு பாவம்.

எடம் அழகுதான், பொய் சொல்லக்கூடாது. வெள்ள மணலு, பச்சத் தண்ணி. நாங்க எறங்கி அர மணி நேரத்துல ராயபுரம் ஆயிடுச்சி. ஒருத்தன் வேட்டி காயப்போட்டான், ஒருத்தன் அடுப்பு மூட்டுனான், ரெண்டு பொம்பளைங்க ஒரே நெழலுக்கு சண்டை. கமாலு இடுப்புல கைய வெச்சிக்கினு, "சே, கெட்டுப்போச்சி மாமு. போன வருசம் வந்திருக்கணும் நீ"ன்னாரு. இதான் இந்த ரகத்தோட முத்திரை வாசகம். எழுதி வெச்சிக்குங்க.

மீனு வந்திச்சி. கொழம்பு யாரு வெக்கிறது? "அஜீசாக்கா, மொளகாத்தூளு எங்க?" "அஜீசாம்மா, புளி பத்தல!" "அஜீசா, கைல முள்ளு குத்திடுச்சி!" அது வரைக்கும் பேரு சொல்லிக் கூப்புடாத போட்டுக்கார மச்சானும் எங்ககிட்ட கத்துக்கினு, "அஜீசா, சட்டிய எங்க வெக்க?"ங்கிறாரு. நானும் கூப்ட்டேன், சும்மா சொல்லக்கூடாது. நீலாவுக்கு வெந்நீ வேணுமா இல்லியா?

அந்தம்மா கரண்டிய கீழ வெச்சிச்சி.

கோச்சிக்கல, அழுவல. மணல்ல கமாலு போட்டு வெச்சிருந்த அந்த ட்யூப் கண்ணாடிய எடுத்து கண்ணுல கட்டிச்சி. பொடவைய இழுத்துச் சொருவிச்சி. கொழாய வாயில வெச்சிச்சி. கன்னியம்மா, "இன்னாம்மா பண்றே?"ன்னு பின்னாடியே ஓடுறதுக்குள்ள, தூரமா, டின்னுங்க இல்லாத பக்கமா, மாரளவு தண்ணிக்கு நடந்து போயி மூஞ்சிய உள்ள வுட்டுடுச்சி. காதும் உள்ள.

தண்ணிக்கு மேல கொழா மட்டும்தான்.

கமாலு ஓடுனாரு. "அஜீசா!" கொழா புஸ்ஸுன்னிச்சி. "அஜீசா, கொழம்பு அடி புடிக்குது!" புஸ்ஸு. மொத்தக் கரையும் நின்னு, "அஜீசா! அஜீசா!"ன்னு கத்திச்சி. கொழா மெதுவா அந்தாண்ட திரும்பிக்கினு, அது பாட்டுக்கு போய்க்கினே கீது. புஸ்ஸு, புஸ்ஸு. கொழம்பு அடி புடிச்சிது. அந்தத் தீஞ்ச கொழம்பத்தான் நாங்க துன்னோம். உப்பு கம்மின்னு ஒருத்தனும் வாயத் தொறக்கல.

வெயில் சாஞ்சப்பதான் கரையேறிச்சி. வெரலெல்லாம் சுருங்கிப்போய், கண்ண சுத்தி ட்யூபு அச்சு. மூஞ்சில ஒரு வெளிச்சம் பாருங்க, எங்க நீலா பாலு குடிச்சி முடிச்சவொடனே வருமே, அந்த வெளிச்சம்.

"இன்னாமே பார்த்தே? கிளி மூக்கு மீனு வந்திச்சா?"ன்னு கமாலு தவிக்கிறாரு. எல்லாரும் சுத்தி நிக்கிறோம்.

"ஒண்ணும் இல்ல. வெறும் கல்லு. நாலு மீனு."

அவ்ளோதான். அப்பால என் மவ கிட்டேந்து நீலாவ வாங்கி, ஒதுங்கிப் போய் குந்தி, அது காதுல மட்டும் ரொம்ப நேரம் என்னமோ சொல்லிக்கினே இருந்திச்சி. கொழந்த கண்ண அகலமா வெச்சிக்கினு கேக்குது. நான் கிட்டப் போனேன். அஜீசா நிறுத்திடுச்சி.

திரும்பி வர்றப்போ ரயில்ல, கமாலு யாரோ முன்பின் தெரியாத ஆளுகிட்ட கொரலத் தணிச்சிக்கினு, "அந்தத் தீவு போச்சிங்க, ஒரே கூட்டம். அதுக்கு அப்பால இன்னொண்ணு கீது..."ன்னு ஆரம்பிச்சிட்டாரு. ஜன்னலோரம் அஜீசா தூங்கிக்கினு வந்திச்சி. எழும்பூர் வர வரைக்கும் யாரும் எழுப்பல. எழுப்ப தைரியம் இல்ல.

கமாலப் பார்த்து சிரிச்சீங்க இல்ல? சிரிங்க. ஆனா இத்தப் படிச்சிக்கினு கீறப்பவே, அடடே, இத்த அவருகிட்ட சொல்லணுமேன்னு ஒரு மூஞ்சி உங்க மனசுல வந்திச்சா இல்லியா? உங்க மூக்கத் தொட்டுப் பாருங்க. தோலு உரியுதா?

எங்க தெருவுல அந்தத் தீவோட ரகசியம் இப்ப ரெண்டே பேருகிட்டதான் கீது. ஒருத்தி சொல்ல மாட்டா. இன்னொருத்திக்கு இன்னும் பல்லு மொளைக்கல. கேட்டா சிரிக்கிறா. நான் தெனம் மடியில போட்டுக்கினு, "தாத்தாகிட்ட மட்டும் சொல்லு கண்ணு, வெளிய வுட மாட்டேன்"ன்னு கேட்டுக்கினுதான் கீறேன்.