ஆட்டாதீங்க அண்ணனின் மெமரி டப்பா

ஜவ்வாது மலை முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும், தன் நிழல் எதற்காகத் தன் பின்னாலேயே வருகிறது என்று விசாரணை வைக்கக்கூடிய ஆள் ஒருவர்தான் தேறுவார். அவர் ஆட்டாதீங்க அண்ணன். அவருக்கும் வீட்டில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "எதுக்குக் கேக்கறீங்க?" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூருக்கு மாற்றலாகி வருகிற அரசு ஊழியனை, கீழே என்ன செய்துவிட்டு மேலே வந்தானோ என்றுதான் ஊர் பார்க்கும். சில வருடங்களுக்கு முன்பு நானும் அந்தப் பார்வைகளுக்கு நடுவே ஒரு பீரோ, ஒரு கட்டில், நாலு பாத்திரத்தோடு வந்து இறங்கினேன். பஸ் நிற்குமிடத்துக்குச் சற்றுத் தள்ளி, வீட்டின் முன்பக்கத்திலேயே இட்லிக் கடை வைத்திருந்த மல்லிகாம்மா தன் வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ஒன்று எனக்குக் கிடைத்தது. இன்னொன்றில் யாரோ ஒரு மெக்கானிக் இருப்பதாகச் சொன்னார்.

பீரோவை மூலைக்குத் தள்ளினேன். சுவருக்கு அப்பாலிருந்து "ஆட்டாதீங்க" என்று ஒரு குரல் வந்தது. சற்று நிறுத்திவிட்டு மெதுவாகத் தள்ளினேன். கதவு தட்டப்பட்டது. ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர் ஒருவர், கையில் புகையும் சால்டரிங் அயர்னோடு நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் சோப்பு டப்பா அளவுக்குக் கறுப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. எந்த ஆபீஸ், எந்த ஊர், ஊரில் இத்தனை அறை இருக்க இந்த அறை எதற்கு, பீரோவுக்குள் என்ன என்று வரிசையாகக் கேட்டார். துணிதான் என்றேன். துணிக்கு இவ்வளவு கனம் எப்படி வந்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

என்மேல் கொஞ்சம் சந்தேகம் குறைந்த பிறகு ஒருநாள் தன் அறைக்குள் விட்டார். செல்போனை வாசலில் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு வரவேண்டும் என்பது நிபந்தனை. உள்ளே ஒரு மேஜை. அதன்மேல் விசைப்பலகை மட்டும் தனியாகக் கழன்று வந்துவிட்டது போல ஒரு தட்டைப் பெட்டி கிடந்தது. அதுதான் கம்ப்யூட்டர் என்றார். வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் முதன்முதலாக வந்த காலத்துச் சரக்கு. தனியாகத் திரை கிடையாது, டி.வி.யில் மாட்டிக்கொள்ள வேண்டும். புரோகிராம் எல்லாம் பாட்டுக் கேட்கிற கேசட்டில் இருக்கும். டேப் ரெக்கார்டரில் போட்டு ஓடவிட்டால் டி.வி.யில் கோடு கோடாக ஓடி, கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏறும்.

அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி ரொம்பக் குறைவு. ஒரு பக்கம் எழுதினாலே மூச்சு முட்டிவிடும். அதனால் கூடுதல் மெமரிக்கென்று ஒரு டப்பாவைப் பின்னால் செருக வேண்டும். அண்ணனின் சட்டைப் பையில் இருந்தது அதுதான். அறையை விட்டு வெளியே போகும்போதெல்லாம் அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் போவார், யாராவது உள்ளே புகுந்து ஓட்டிவிட்டால்? ஜமுனாமரத்தூரில் யாருக்கு அதை ஓட்டத் தெரியும் என்று கேட்டேன். தெரியாத மாதிரி நடிக்கிறவன்தான் ஆபத்து என்றார்.

டப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு. திருகாணி கிடையாது, சும்மா செருகிதான் நிற்கும். மேஜை கொஞ்சம் அசைந்தாலும் டப்பா ஆடும், டப்பா ஆடினால் மணிக்கணக்கில் அடித்தது எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். இதில் அண்ணன் அந்த டப்பாவுக்குப் பின்னால் பிரிண்டருக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, விளையாடுகிற குச்சிக்கு ஒன்று என்று கூட்ஸ் வண்டி மாதிரி கோத்துக்கொண்டே போயிருந்தார். எல்லாம் தீக்குச்சியிலும் ரப்பர் பேண்டிலும் நின்றது. "ஆட்டாதீங்க" என்பது அவருக்கு வணக்கம் மாதிரி ஆகிப்போனதும் அப்படித்தான். தெருவில் போகிற ஆட்டுக்கும் அதைத்தான் சொல்வார்.

இத்தனைக்கும் அந்தப் பெட்டி அவர் விலை கொடுத்து வாங்கியதல்ல. அண்ணன் ஆலங்காயத்துக்காரர், வாணியம்பாடியில் டி.வி. மெக்கானிக்காக இருந்தவர். தோல் வியாபாரம் செய்கிற ஒரு பாய் வீட்டுக்கு ரிப்பேருக்குப் போன இடத்தில், பரணில் தூசி படிந்து கிடந்ததைப் பாய் எடுத்து நீயே வைத்துக்கொள்ளப்பா என்று கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி.

"சும்மா குடுப்பாங்களா சார் யார்னா? உள்ள இன்னாவோ இருக்குதுனுதான் பிரிச்சேன்" என்றார்.

பிரித்தார். ஒரு கோளாறு இருந்தது, சரிசெய்தார். அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது. அப்படியே அவர் ஆயுளில் பெரும்பகுதி போய்விட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் வீட்டார் எதையோ மறைக்கிறார்கள் என்பது காரணம்.

கீழே வெயிலில் சிப்பு கொதிக்கிறது என்றுதான் மலைக்கே குடிவந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாராம். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் உள்ளே ஒரு ஈயப் பற்று விட்டிருக்கிறது. வந்து இறங்கியபோது அது வெறும் பிளாஸ்டிக். திரும்ப உயிர் வரவைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது என்றும், இன்னொரு தடவை அசைத்தால் மாற்றிப்போட ஊரிலேயே சிப்பு இல்லை என்றும் சொன்னார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் சந்தேகம் இல்லை, பயம்தான் இருந்தது.

சந்தையில் அவரைப் பற்றி வேறொரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. தேன் விற்கிறவர்களிடம் போய், தேன் வேண்டாம், மெழுகு மட்டும் கொடு என்பார். டப்பா ஆடாமல் ஒட்டிவைக்கத் தேன்மெழுகுதான் லாயக்கு. காரணத்தைச் சொல்ல மாட்டார், சொன்னால் விலையை ஏற்றிவிடுவார்களாம். தேனை விட்டுவிட்டு மெழுகை வாங்குகிற ஆள் ஏதோ பொம்மை பிடித்துச் செய்வினை வைக்கிறான் என்று அவர்களுக்குள் பேச்சு. அதனால் அவருக்கு மெழுகு பயபக்தியோடு இலவசமாகவே கிடைத்தது. இலவசமாகக் கிடைத்ததால் அதை உருக்கி, வடிகட்டி, மோந்து பார்த்த பிறகுதான் பயன்படுத்துவார்.

எனக்கு அங்கே பழகிப்போன சமயத்தில்தான் அந்தக் கோளாறு ஆரம்பித்தது. அண்ணனிடம் நிலாவில் ராக்கெட் இறக்குகிற விளையாட்டு ஒன்று இருந்தது. காலையில் நின்றுகொண்டு சோதித்தால் பெட்டி கிண்ணென்று வேலை செய்யும். சாயங்காலம் ஆசையாக நாற்காலியில் உட்கார்ந்து ராக்கெட்டை இறக்கினால், தரை தொடுகிற நேரத்தில் திரை வெளுத்துவிடும். தினமும் இதே கதை.

அண்ணன் விசாரணையைத் தொடங்கினார். எல்லாச் செருகல்களையும் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். கோளாறு போகவில்லை. யாரோ பெட்டியை நகர்த்துகிறார்கள் என்று சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். கோடு கலையவில்லை. தரையில் முகப் பவுடரைத் தூவிவிட்டு வெளியே போய்வந்தார். வந்து பார்த்தால் அவர் செருப்புத் தடம் மட்டும்தான் இருந்தது. தன் செருப்பை யாரோ போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, அன்றிலிருந்து செருப்பையும் பூட்டி வைத்தார். சாயங்கால பஸ் டிரைவரிடம் போய் வீட்டருகே அதிராமல் போகச் சொன்னார். டிரைவர் அதுவரை அந்த வீட்டைக் கவனித்ததே இல்லை. அதற்குப் பிறகு அங்கே வரும்போதெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

எல்லோரையும் விசாரித்து முடித்து, கடைசியில் மல்லிகாம்மாவின் கிரைண்டரிடம் வந்து சேர்ந்தார். மறுநாள் இட்லிக்கு அந்தம்மா சாயங்காலம்தான் மாவு அரைப்பார். ஒருநாள் அண்ணன் கரண்ட் அளக்கிற தன் கை மீட்டரைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் நுழைந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காதுபட, இந்தக் கிரைண்டர் தன் கரண்ட்டைத் திருடுகிறது என்று சொல்லிவிட்டார்.

மல்லிகாம்மா மாவுக் கையோடு திரும்பினார். "என் வூட்ல, என் மீட்டர்ல, நான் பில்லு கட்டி ஓடுற கிரைண்டரு உங்க கரண்ட்டத் திருடுதா?"

அதோடு விடவில்லை. கீழே சந்தவாசல் ஊரில் இருக்கிற தன் தம்பியின் மகளுக்கு இங்கே வேலை கிடைத்திருந்தது. அவளுக்கு அறை தருவதாகத் தம்பிக்குப் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டு, மாசக் கடைசியில் காலி செய்யுங்கள் என்று அண்ணனிடம் சொன்னார்.

அண்ணன் மீட்டரைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். நான் வேண்டுமென்றே பீரோவைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தேன். சுவருக்கு அப்பாலிருந்து சத்தமே இல்லை. எனக்கு மனது கேட்கவில்லை. போய், பெட்டியை கார் வைத்து மெத்தை போட்டு மெதுவாக எடுத்துப்போகலாமே என்றேன்.

"இத்தத் தூக்குனா செத்துடும் சார்" என்றார். பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மல்லிகாம்மாவிடம் போய்க் கெஞ்சினேன். ஒருநாள் வந்து நேரில் பாருங்கள், கிரைண்டரை ஓட்டியும் நிறுத்தியும் சோதிப்போம், குற்றம் யார்மேல் என்று தெரிந்துவிடும் என்றேன். கிரைண்டரின் மானம் சம்பந்தப்பட்டது என்பதால் ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோதனை. முதலில் கிரைண்டரை நிறுத்திவைத்தோம். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். கேசட் ஓடியது, கோடுகள் ஓடின, நிலா வந்தது. ராக்கெட் என்பது ஒரு கறுப்புக் கட்டம். அது மெல்ல இறங்கியது. தரையைத் தொடப்போகிற நேரத்தில் திரை வெளுத்தது. கிரைண்டர் நின்றாலும் அதன் அதிர்வு கம்பியில் மிச்சம் இருக்கும் என்று அண்ணன் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

மல்லிகாம்மா டி.வி.யைப் பார்க்கவே இல்லை. மேஜைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல கால ஆட்டாதீங்க" என்றார்.

"இன்னா?"

"கால. நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன், ஆட்டிக்கினே இருக்கறீங்க. இருக்கிற வூட்டுக்கு ஆகாது."

மூன்று பேரும் குனிந்து அந்தக் காலைப் பார்த்தோம். அண்ணனின் வலது முழங்கால் மேஜைப் பலகையில் இடித்தபடி, தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்ததும் நின்றது. காலையில் நின்றுகொண்டு வேலை செய்தபோது பெட்டி ஏன் ஒழுங்காக இருந்தது, ராக்கெட் இறங்குகிற பரபரப்பில் மட்டும் ஏன் செத்தது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அந்தக் காலை நாற்காலியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். முடிச்சை என்னை இழுத்துப் பார்க்கச் சொன்னார். கிரைண்டரை முழு வேகத்தில் ஓட்டச் சொன்னார். பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. கறுப்புக் கட்டம் இறங்கியது, தரையைத் தொட்டது, நின்றது. நின்றபடியே இருந்தது.

"இவ்ளோதானா?" என்றார் மல்லிகாம்மா. "இதுக்கா என் கிரைண்டரத் திருடினீங்க திருடுதுனு?" கோபத்தில் வார்த்தை குழறினாலும் முகம் சிரித்துவிட்டது.

அண்ணன் ராக்கெட்டைப் பார்க்கவில்லை. வெகுநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இது வாணியம்பாடியிலேயே இப்படித்தான் இருந்ததா, மலைக்கு வந்த பிறகு கெட்டதா என்று என்னைக் கேட்டார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை. மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போய், கிரைண்டரில் பொறி பறந்துகொண்டிருந்த சுவிட்சைக் கழற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். மல்லிகாம்மா அவருக்கு ரெண்டு வடை அனுப்பினார். அண்ணன் அதைப் பிய்த்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

கோபம் போய்விட்டது, ஆனால் தம்பிக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. ரெண்டில் ஒரு அறை காலியாக வேண்டும். எனக்கென்ன, பீரோவை எங்கே போட்டாலும் அது பீரோதான். கோயில் தெருவில் ஒரு அறை பார்த்துவிட்டு, நான் காலி செய்கிறேன் என்றேன்.

அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. சுற்றிச் சுற்றி வந்து கேட்டார். அந்த அறையில் வாடகை குறைவா? ஆபீசுக்குப் பக்கமா? எதையாவது மனதில் வைத்துக்கொண்டு செய்கிறேனா? இல்லை என்றேன். "சும்மா எதுக்கு சார் போறீங்க?" என்றார். பாயிடம் கேட்க முடியாமல் போன கேள்வியை என்னிடம் கேட்கிற மாதிரி இருந்தது.

சாமான் ஏற்றுகிற அன்று லோடு ஆட்டோ வந்து நின்றது. பீரோவை டிரைவரால் தனியாகத் தூக்க முடியவில்லை. நான் கை கொடுக்கப் போனேன். அண்ணன் என்னை ஒதுக்கிவிட்டுத் தானே குனிந்தார். சட்டைப் பையில் இருந்த மெமரி டப்பா முன்னால் சரிந்தது. நிமிர்ந்தார். டிரைவரைப் பார்த்தார். கடை வாசலில் நின்ற மல்லிகாம்மாவைப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டப்பாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பீரோவின் அடியில் கை கொடுத்துத் தூக்கினார்.

அந்த டப்பாவுக்கு அவ்வளவு எடை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நடுத்தெருவில் இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு நின்றேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, நான் நகரவில்லை. இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று கட்டில் ஏறி, பாத்திரம் ஏறி, கயிறு கட்டி முடிகிறவரை காத்திருந்தேன். ஆட்டாதீங்க என்று அவர் சொல்லவே இல்லை.