குறை சொன்னால்தான் கோட்டு

இலவசமாகக் கொடுக்கும் கோட்டுக்கு, வாங்க வந்தவரோடு சண்டை போட்ட மனுஷி உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் சபையில் இருந்தார். கமர்ஷியல் தெரு ஜவுளிக்கடை ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ஷோரூம் அக்கா.

அறுபதுகளில் பர்மாவில் கடை, வீடு எல்லாம் பறிபோய்த் தமிழர்கள் கப்பலேறி வந்தபோது, சில குடும்பங்கள் உறவுக்காரர்களைத் தேடி எங்கள் ஊருக்கும் வந்தன. உறவுக்காரர்களுக்கே கால் நீட்ட இடமில்லை. சபை ஹாலுக்குப் பின்னால் இருந்த அறைகளை அவர்களுக்குத் திறந்துவிட்டோம். எங்களுடையது முன்பு வெள்ளைக்காரர்களின் ஆங்கிலிக்கன் கோயில். அந்த உறவில் இங்கிலாந்துச் சபைகள் மூட்டை மூட்டையாகத் துணி அனுப்பின. பிரித்தால் நல்ல கம்பளிக் கோட்டுகளோடு குதிரைச் சவாரிக் கால்சட்டை, நடன கவுன், கண்ணாடிக் கண் வைத்த முழு நரித்தோல்!

நிவாரணக் கமிட்டிக்கு நான் செயலாளர். எல்லோரையும் ஒழுங்காக வரிசையில் நிறுத்தினேன். அக்கா வந்தார்.

"இன்னா இது, ரேஷன் கடையா? கலைங்க எல்லாரும்!"

கொடி கட்டித் துணிகளைத் தொங்கவிட்டார். பெஞ்சு கவுண்டர் ஆனது. தன் வீட்டு ஆளுயரக் கண்ணாடியை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிறகு சட்டம் போட்டார்: காசு கொடுத்து வாங்க வந்தவர் போல ஒரு குறையாவது சொன்னால்தான் துணி.

முதலில் வந்த பெண் கையில் கிடைத்த ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு, "இதுவே போதுங்கக்கா" என்றாள்.

"போதும்னு சொல்லாத. கலர் நல்லால்லன்னு சொல்லு."

"நல்லாத்தான் இருக்கு."

"பச்சையும் ஆரஞ்சும்! எனக்கே வாந்தி வருது, உனக்கு நல்லாருக்கா? வை கீழ!"

அவள் அழப்போகிறாள் என்று பயந்தேன். ஸ்வெட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கை கொஞ்சம் நீளம்" என்றாள் மெதுவாக.

"அப்படிக் கேளு! வேற எடுக்கறேன், உக்காரு."

ஒரே வாரத்தில் ஹால் சந்தைக்கடை ஆயிற்று. "இதென்ன சாக்குத்துணியா?", "பொத்தானைக் காணோம்!", "இதுக்கா இங்கிலாந்துல இருந்து கப்பல் கூலி?" அக்காவுக்கு ஒரே குஷி. போதகருக்குத் தலைவலி.

எல்லோரும் கத்த, ஒருவர் மட்டும் வாயே திறக்கவில்லை. மாணிக்கம் அண்ணன். ரங்கூனில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர். டிசம்பர் குளிரில் ஒற்றைச் சட்டையோடு வராந்தாவில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். அவர் மனைவி என்னிடம் வந்து, "நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுன்னு டாக்டர் திட்டுறாரு. ஒரு கோட்டு வாங்கிக்கங்கன்னா கேக்க மாட்டேங்கிறாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கோட்டு கொண்டுபோனேன். "வேணாம் தம்பி" என்றார். அக்காவே போனார்.

"எனக்கு வேணாம்மா."

"வேணாம்னா உள்ள வந்து சொல்லுங்கண்ணே. வராந்தால சொன்னா செல்லாது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, துணி அனுப்பிய சபைகளின் சார்பாக ஓர் ஆங்கிலேய அம்மாள் பார்வையிட வந்தார். நன்றிப் பாட்டு ஒன்று தயார் செய்திருந்தார் போதகர். அம்மாள் உள்ளே நுழையவும், "அக்குள்ல ஓட்டை! இதை யாரு போடுவா?" என்று ஒருத்தி கோட்டை வீசவும் சரியாக இருந்தது.

போதகர் வியர்த்துப்போய், அவள் ஆசீர்வதிக்கிறாள் என்று இங்கிலீஷில் விளக்கினார்.

"நான் வேலூர்ல பொறந்தவ, போதகரே" என்றார் அந்த அம்மாள், சுத்தமான தமிழில். "ஓட்டைன்னா எனக்குத் தெரியும்."

இனி ஒரு மூட்டைகூட வராது என்று முடிவே கட்டிவிட்டேன். அக்கா மட்டும் அசரவில்லை. நரித்தோலை எடுத்து அம்மாளின் தோளில் போட்டு, "உங்களுக்குன்னே செஞ்சது மேடம். பாருங்க, நரியே சிரிக்குது!" என்றார்.

"அய்யோ, இப்படியா வியாபாரம் பண்ணுவாங்க!"

வாசலில் மாணிக்கம் அண்ணன். இருமலையும் மறந்து கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றார். நரித்தோலை மடித்து ஓரம் வைத்தார். ஒரு நீலச் சால்வையை உதறி, கையில் வழியவிட்டு, "கையால தொட்டுப் பாருங்கம்மா. வாங்கவே வேணாம், சும்மா தொட்டுப் பாருங்க" என்றார்.

அம்மாள் தொட்டார். விடவில்லை. தங்கள் சபைகளே அனுப்பிய சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினார். ஹாலே கைதட்டியது.

அக்கா ஒரு சாம்பல் நிறக் கோட்டை எடுத்து அண்ணன் எதிரே நீட்டினார்.

"இதுல குறை சொல்லுங்க பாக்கலாம்."

அவர் நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். "காலரு வெள்ளக்காரன் கழுத்துக்குத் தச்சது" என்றார் கடைசியில்.

"தச்சுத் தரேன். அதுவரைக்கும் போட்டுக்கிட்டு நில்லுங்க."

போட்டுக்கொண்டார். அவர் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாள் போகும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை ஓட்டை இல்லாததா அனுப்பச் சொல்றேன்" என்றார்.

"ஓட்டையும் ரெண்டு மூணு போட்டு அனுப்புங்க மேடம். குறை சொல்ல ஏதாவது வேணாமா?"

மாணிக்கம் அண்ணனுக்கு அக்காவே தன் பழைய கடையில் வேலை வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு குடும்பமாக ஸ்ரீராம்புரம் பக்கம் வீடு பார்த்துப் போனது. கடைசிக் குடும்பமும் போன சாயங்காலம் அக்கா ஹாலைப் பூட்டிவிட்டு, சாவியைக் கையிலேயே பிடித்தபடி நடக்க ஆரம்பித்தார். நானும் அவர் வீட்டு வாசல் வரை கூடவே நடந்தேன். என் வீடு எதிர்த்திசையில்.