நான் எந்த இயக்கத்திலும் இருக்கவில்லை

காரணமில்லாமல் யாராவது என்னை அன்பாக உபசரித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஜேர்மனிக்கு வந்து தலை நரைத்த பிறகும் இந்த வியாதி மாறவில்லை.

ஸ்டுட்கார்ட்டில் மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு படம் போட்டார்கள். எழுபதுகளில் அமெரிக்காவில் சில்லறைக் காசில் எடுத்தது. நிறவெறி பொறுக்காமல் கறுப்பின இளைஞர்கள் ஆயுதம் தூக்கும் கதை. படத்தை ஓட்டுவது மகள் என்பதால் நானும் மனைவி வசந்தியும் போனோம்.

வாசலில் நின்ற ஜேர்மன் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். முன்வரிசையில் இருத்தி வைன் தந்தாள். (வசந்திக்குத் தண்ணீர்கூட இல்லை.)

“இஞ்சேருங்கோ, உந்தப் பெட்டை ஏன் உங்களையே பாக்கிறாள்?”

“பேசாம இரும். என்னவோ விசாரிக்கப் போறாள்.”

படத்தில் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்தவரே அடுத்த காட்சியில் மீசை ஒட்டிக்கொண்டு கடைக்காரராக வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். பொலிஸ் கதவைத் தட்டி ஒரு பையனை இழுத்துப் போன இடத்தில் நான் வைனைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் தட்டல் எனக்குத் தெரியும்.

விளக்குகள் எரிந்ததும் அந்தப் பெண் என்னை மேடைக்கு இழுத்துப்போய் மைக்கை நீட்டினாள்.

“அந்தக் காலத்தில் நீங்கள் எந்த இயக்கத்தில் இருந்தீர்கள்?”

(யாழ்ப்பாணத்தில் இயக்கம் என்றால் துவக்குத் தூக்கியவர்கள். அகதி விசாரணையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வியும் இதுதான்.) அன்று பாடமாக்கிய ஜேர்மன் தானாக வந்தது.

“நான் எந்த இயக்கத்திலும் இருக்கவில்லை. யாருக்கும் சோறு கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அந்த மீசைக்காரரையும் எனக்குத் தெரியாது!”

மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. அதை நடிப்பென்று நினைத்துவிட்டார்கள். பின்னால் படம் ஓட்டும் அறையின் கண்ணாடிக்குள் மகள் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த, மழையில் நனைந்த ஒரு கறுப்பினக் கிழவர் உள்ளே வந்தார்.

“மன்னியுங்கள், ரயில் பிந்திவிட்டது. இவர் தெரியாது என்று சொன்ன மீசைக்காரன் நான்தான்.”

அந்தப் பெண்ணின் முகம் பீற்றூட் ஆனது. கறுத்த நிறத்தில், நரைத்த தலையோடு ஒரு விருந்தினர் வருவார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்களாம். மண்டபத்தில் அப்படி இருந்தது நான் ஒருவன்தான்.

நான் மேடையை விட்டு இறங்கப் பார்த்தேன். கிழவர் என் தோளில் கை வைத்தார்.

“என்னையும் பொலிஸ் இப்படித்தான் கேட்டது. நானும் இதையேதான் சொன்னேன். ஆனால் நீங்கள் என்னைவிட நன்றாக நடித்தீர்கள்.”

“நான் நடிக்கவில்லை.”

“தெரியும்” என்றார், மெதுவாக.

இப்போது வீட்டில் குளியலறை விளக்கை அணைக்காதது யாரென்று கேட்டால்கூட எனக்கு அந்தப் பதில்தான் வரும். போன மாதம் மகள் ஒரு ஜேர்மன் பெடியனைக் கூட்டிவந்தாள்.

“தம்பி, நீர் ஆர்?” என்று கேட்டேன்.

அவன் விறைப்பாக எழும்பி நின்று, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வசனத்தைச் சொன்னான்.

“மாமா, நான் ஒரு இயக்கத்திலையும் இருக்கேல்லை.”

வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அவனை இன்னும் நம்பவில்லை.