ஜவ்வரிசி நடந்த தூரம்

ஒரு காட்டில் குடியிருப்போர் நலச்சங்கம் ஏற்பட்டுவிட்டது. அதற்கு முன் அங்கே எல்லாரும் ஒருவரையொருவர் தின்றுகொண்டு அமைதியாக வாழ்ந்தார்கள். சங்கம் வந்தபின் தின்பது நின்றது. புகார் கொடுப்பது ஆரம்பித்தது. கதை மரபுப்படி காட்டுக்கு ராஜா சிங்கம்தான். அதை யாரும் மறுக்கவில்லை. கௌரவத் தலைவர் என்று பெயர் கொடுத்து, கூட்டங்களில் முதல் வரிசையில் தூங்கவைத்தார்கள். அதிகாரம் முழுவதும் செயலாளர் திருமேனியிடம் இருந்தது. திருமேனி ஒரு முள்ளம்பன்றி. அவரை நெருங்கிப் பேச யாராலும் முடியாது என்பதே அந்தப் பதவிக்கு அவருடைய தகுதி.

அதே காட்டில், ஆற்றோரக் குகையில், பரஞ்சோதி என்ற கரடி இருந்தது. (திருமேனி பதவியில் இருப்பதால் ‘அவர்’. கரடிக்குப் பதவி இல்லை, ஆகவே ‘அது’. இலக்கணம் இதில் தெளிவாக இருக்கிறது.) கரடி என்றால் தேன் என்று எழுதியே பழகிவிட்டோம். பரஞ்சோதிக்குத் தேன் தித்திப்பாக இருப்பதால் பிடிக்காது.

அது ஒரு பொமரேனியன் குட்டியை வளர்த்தது. சுற்றுலா வந்த கார் ஒன்று இறக்கிவிட்டு, திரும்ப ஏற்ற மறந்துபோன குட்டி. வெள்ளையாக, உருண்டையாக இருந்ததால் ஜவ்வரிசி என்று பெயர். இடி இடித்தால் குட்டி பயப்படும், அதனால்தான் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்கிறேன் என்று பரஞ்சோதி எல்லாரிடமும் சொல்லும். உண்மையில் இடி இடிக்கும்போது ஜவ்வரிசி கொட்டாவி விடும். உதறல் எடுப்பது கரடிக்கு. அப்போது குட்டி அதன் மார்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சின்னக் கனம் மேலே இருந்தால் கரடிக்கு மூச்சு சீராகிவிடும். இது குகைக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

கோடை முடிகிற நேரத்தில் ஏதோ ஒரு குட்டி குறுக்கே ஓடி ஒரு மான் தடுக்கி விழுந்ததாகப் புகார் வந்தது. ஓடியது ஜவ்வரிசி அல்ல. அது எங்கும் ஓடாது, நடக்கவே நடக்காது. ஆனாலும் சங்க வாசலில் பொதுவாக ஒரு பலகை வைத்தார்கள்:

‘கயிற்றின் ஒரு முனை கழுத்திலும் மறுமுனை பொறுப்பாளர் பிடியிலும் இருக்க வேண்டும். கழுத்தில் கயிறு மாட்டியிருப்பது எதுவோ, அது வாசலிலிருந்து குளம் வரை அடம்பிடிக்காமல் நடக்க வேண்டும். மழைக்கு முன் சோதனை. தேறாத குட்டிகள் மலைக்கு அப்பாலுள்ள காப்பகத்துக்கு அனுப்பப்படும்.’

பரஞ்சோதி அதைப் படித்துவிட்டு வானத்தைப் பார்த்தது. மழை வந்தால் இடி வரும். அந்த நேரத்தில் குட்டி மலைக்கு அப்பால் இருக்கும்.

அன்றே கயிறு வாங்கி ஜவ்வரிசியின் கழுத்தில் கட்டியது. ஜவ்வரிசி உட்கார்ந்தது. கரடி இழுத்தது. குட்டி உட்கார்ந்த நிலையிலேயே சறுக்கிக்கொண்டு வந்தது. குகைத் தரை பளிச்சென்று சுத்தமானது. வேறு பலன் இல்லை.

“நடக்கலாமா கண்ணு?”

“எதுக்கு மாமா?”

“குளத்துக்குப் போலாம்.”

“குளம் எங்க போயிடப் போவுது.”

“எல்லாரும் நடக்கறாங்கடா.”

“அப்ப வழியெல்லாம் ஒரே கூட்டமா இருக்கும்.”

வாதத்தில் ஓட்டை எதுவும் தென்படாததால் பரஞ்சோதி நரி மாஸ்டரைக் கைப்பேசியில் கூப்பிட்டது. காணொளியில் பயிற்சி வகுப்பு நடத்துகிற நரி அது. எந்தக் குட்டியையும் அது நேரில் பழக்கியதில்லை. அதை நேரில் பார்த்த குட்டிகள் கயிறே இல்லாமல் வேகமாக நடந்தன, எதிர்த்திசையில்.

“இழுக்காதீங்கண்ணே,” என்றது நரி. “கயிறு இறுகுனா நிக்கணும். தளந்தா நடக்கணும். சரியாச் செஞ்ச அடுத்த நொடி வாயில ஒரு துண்டு தீனி. லேட்டாக் கொடுத்தா எதுக்குக் கொடுத்தோம்னே அதுக்குப் புரியாது.”

“அது எதையுமே செய்ய மாட்டேங்குதே மாஸ்டர்.”

“அப்ப நீங்க செஞ்சு காட்டுங்க. குட்டிங்க பாத்துத்தான் கத்துக்கும்.”

பரஞ்சோதி எதையும் அரைகுறையாகச் செய்யாத கரடி. கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டி, மறுமுனையை ஜவ்வரிசியின் வாயில் கொடுத்தது. குட்டி ஒரு பாறைமேல் வசதியாக உட்கார்ந்துகொள்ள, கரடி அதைச் சுற்றி நடந்தது. கயிறு இறுகியது, நின்றது. தளர்ந்தது, நடந்தது. சரியாகச் செய்தால் தீனி உண்டு என்பதையும் காட்டினால்தானே பாடம் முழுமையாகும்? எனவே குட்டிக்கென்று வாங்கியிருந்த நெத்திலிக் கருவாட்டில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துத் தானே தின்றது.

நன்றாக இருந்தது.

மறுநாள் அது கொஞ்சம் சீக்கிரமே எழுந்தது. அடுத்த சில நாட்களில், கயிற்றை எடுக்கும் ஓசை கேட்டாலே அதற்கு வாயில் நீர் ஊறியது. ஜவ்வரிசி லேசாகச் சுண்டினால் சட்டென்று நின்று, இருக்கிற கொஞ்சம் வாலை ஆட்டியது. நெத்திலியைச் சரியான நொடியில் வாயில் போடும் வேலையைக் குட்டியே எடுத்துக்கொண்டது.

“நேத்தைக்கு இன்னிக்கு தேவலை மாமா,” என்றது ஜவ்வரிசி. “திருப்பத்துலதான் கொஞ்சம் அவசரப்படறீங்க.”

சோதனை நாள் வந்தது. வடக்கே மேகம் கறுத்திருந்தது. வாசலில் திருமேனி நின்றார். அவரிடமிருந்து பாதுகாப்பான தூரத்தில் மற்றவர்கள் நின்றார்கள். பரஞ்சோதி ஜவ்வரிசியின் கழுத்தில் கயிற்றைக் கட்டியது. ஜவ்வரிசி உட்கார்ந்தது.

“இன்னிக்கு ஒருநாள் மட்டும் கண்ணு.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க.”

“ஆரம்பிக்கலாமா?” என்றார் திருமேனி. “எனக்கு அடுத்து வவ்வால் வீட்டு ஒழுகல் ஒண்ணு கிடக்கு.”

கரடிக்கு வேர்த்தது. “ஒரே ஒரு தரம் செஞ்சு காட்டிடறேன் ஐயா. பாத்தா நடந்துரும்,” என்று கயிற்றைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டது. மறுமுனையைக் குட்டி கவ்வியது. குளம் தொலைவில் இருந்தது. கயிறு அவ்வளவு நீளமில்லை. ஜவ்வரிசி ஒரு கணம் யோசித்துவிட்டுக் கரடியின் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

பரஞ்சோதி நடந்தது. அடம்பிடிக்கவில்லை, திருப்பத்தில் அவசரப்படவும் இல்லை. குளக்கரையில் கயிறு சுண்டப்பட்டதும் நின்று, வாயைத் திறந்து காத்திருந்தது. உள்ளே ஒரு நெத்திலி விழுந்தது.

“தேர்ச்சி,” என்றார் கூடவே நடந்து வந்த திருமேனி.

பரஞ்சோதி மென்று விழுங்கியது. “ஐயா, நடந்தது நானுங்க.”

“பாத்தேன். நல்லா நடந்தீங்க.”

“சோதனை குட்டிக்குங்க.”

“விதியில கழுத்துன்னுதான் இருக்கு. யார் கழுத்துன்னு இல்லை. இல்லாததை நான் பாக்கறதில்லை.” திருமேனி ஒரு பித்தளை வில்லையை எடுத்தார். அதில் ‘பழகியது’ என்று பொறித்திருந்தது. “வேணாம்னா சொல்லுங்க. குட்டி தேறலைன்னு போட்டுடறேன். காப்பகத்து வண்டி இங்கதான் நிக்குது.”

பரஞ்சோதி வண்டியைப் பார்த்தது. மேகத்தைப் பார்த்தது. பிறகு குனிந்து கழுத்தைக் கொடுத்தது.

அன்று மாலையே சங்கத்தின் மாதக் கூட்டம். “பொறுப்பாளர்கள் உள்ள வாங்க. பழகினதுங்களை வெளியில கட்டிடுங்க,” என்று திருமேனி அறிவித்தார். பரஞ்சோதி ஜவ்வரிசியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தது. பிறகு வெளியே வந்து, தன்னைத் தானே மருத மரத்தில் கட்டிக்கொண்டது.

உள்ளே வவ்வால் வீட்டு ஒழுகல் விவாதத்துக்கு வந்தது. தலைகீழாகத் தொங்குபவருக்கு ஒழுகுவது கூரையா தரையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வாக்கெடுப்பில் ஜவ்வரிசியும் முன்னங்காலைத் தூக்கினார். (வாக்குரிமை வந்துவிட்டதால் இனி ‘அவர்’.)

அப்போது முதல் இடி இடித்தது.

மரத்தடியில் பரஞ்சோதிக்கு உடம்பெல்லாம் உதறியது. ஒரு இழுப்பில் அறுந்துவிடும் கயிறுதான். ஆனால் இறுகினால் நிற்க வேண்டும் என்று படித்தாகிவிட்டது. கயிறு இறுகியது, கரடி நின்றது. இரண்டாவது இடிக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

திறந்தபோது, கூட்ட வாசலில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

ஜவ்வரிசி நடந்து வந்துகொண்டிருந்தார். யாரும் இழுக்கவில்லை, கழுத்தில் கயிறு இல்லை. படியிறங்கி, சேற்றில் வயிறு உரச, ஒரு குட்டையைச் சுற்றிக்கொண்டு, வேர்களைத் தாண்டி, மரத்தடி வரை நான்கு காலாலும் நடந்தே வந்து சேர்ந்தார்.

“நடக்கறியே கண்ணு,” என்றது கரடி, பல் கிடுகிடுக்க.

“என்ன பண்றது? உங்களைத்தான் கட்டிப்போட்டிருக்காங்களே,” என்றார் ஜவ்வரிசி. “படுங்க.”

பரஞ்சோதி மல்லாந்து படுத்தது. ஜவ்வரிசி மார்பில் ஏறி உட்கார்ந்து, கொட்டாவி விட்டார்.

திருமேனி பின்னாலேயே வந்தார். சேற்றில் பதிந்திருந்த சின்னக் கால்தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “கயிறில்லாம யாரோ நடந்திருக்காங்க,” என்றார்.

கரடி தன் கழுத்திலிருந்த வில்லையை மெல்ல வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டியது.

“ஓ, பொறுப்பாளரா?” என்றார் திருமேனி. “அவர் நடக்கலாம்.” குடை பிடித்தால் முள் குத்திக் கிழியும் என்பதால் நனைந்துகொண்டே திரும்பிப் போனார்.

நீதி: பயிற்சி ஒருபோதும் வீண்போவதில்லை, கயிற்றின் இரண்டு முனைகளில் ஒன்று கட்டாயம் பழகிவிடும். கருவாடு தரமானதாக இருந்தால் போதும்.