பாக்கெட் அக்காவின் காக்கிச் சட்டை

விருதுநகரில் பாக்கெட் அக்கா கையில் சிக்கி, கூடுதலாக ஒரு பை முளைக்காமல் தப்பிய துணி கிடையாது. தலையணை உறைக்கே பை வைத்துத் தைத்தவர் அவர். ஏனென்று கேட்டால், "படுக்கும்போது கண்ணாடிய எங்கன வைப்பீக?" என்பார்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. பஜார் பக்கம் ஒரு மாடியில், கல்யாணப் பத்திரிகை டைப் செய்யும் கடையில் நான் வேலை பார்த்தேன். அடுத்த அறை அக்காவின் தையல் கடை. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பு அவர் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை செய்தவர். அங்கே பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். தோள் தொங்கும், கை விரலை மூடும். "அவுக சட்டை அவுகளுக்குத்தான அளவு. நமக்குன்னு ஒண்ணு வேண்டாமா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். மறுநாளே வெட்ட ஆரம்பித்துவிட்டார். சுத்தப் பருத்தியில் காக்கி. இடுப்பைப் பிடிக்க நாடா. தீப்பொறி பயத்தால் ஆலைக்குள் உலோகம் ஆகாது, அதனால் தேங்காய்ச் சிரட்டையில் பொத்தான். எல்லாம் அமைந்தது, பை மட்டும் அவர் நினைத்தபடி வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, ராணுவத்தில் இருந்த அவருடைய வீட்டுக்காரர் லீவில் வந்தார். லீவு முடிந்து கிளம்பும் நாளில் பக்கத்து அறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மேஜைமேல் யூனிஃபார்ம் பேண்ட் துண்டு துண்டாகக் கிடந்தது. அதற்குச் சொந்தக்காரர் கைலியோடு நின்றார்.

"சாயந்தரம் எனக்கு ரயிலு."

"தெரியும். பதறாதீக. இந்தத் தொடைப் பை எப்படி விரியுதுன்னு பாத்துட்டுத் தந்துர்றேன்."

"பாத்தாச்சுல்ல, தச்சுக் குடு."

"இன்னும் இடது கால் பாக்கல."

ரயில் நேரத்துக்குள் தைத்துக் கொடுத்துவிட்டார். உள்பக்கம் மட்டும் ஒரு பை புதிது, அதற்குள் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம். மதுரை தாண்டியதும் தொடை உறுத்தித்தான் மனிதருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. மறுநாள் போனில் திட்டித் தீர்த்தார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "சேவு நல்லா இருந்துச்சா?" என்றார். அந்தப் பக்கம் குரல் இறங்கியது: "இருந்துச்சு."

ராணுவப் பை ஆலைச் சட்டைக்கு வந்து சேர்ந்தது. கை வளையலை அடகு வைத்து, காக்கியும் இலைப்பச்சையுமாகத் துணி வாங்கி, கடை கொள்ளாமல் தைத்துக் குவித்தார். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மகளிர் குழுக் கண்காட்சி போட்டபோது ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் நடுவே எங்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

மதியம்வரை ஒன்றும் விற்கவில்லை. சுற்றிப் பார்க்க வந்த அதிகாரி ஒருவர், "என்னம்மா, போலீஸ் ஸ்டேஷனுக்குத் தைக்கிறீங்களா?" என்று கேட்க, கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. அக்காவோ அவருக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி போனதும் அக்கா எங்களைத் திரட்டினார். அக்காவோடு ஆலையில் வேலை பார்த்த பெண்கள் நாலு பேர் என்னைப் போலவே துணைக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சேலைமேல் ஆளுக்கொரு சட்டை, எனக்குச் சுடிதார்மேல் ஒன்று.

"சும்மா மைதானத்தச் சுத்தி நடந்துட்டு வாங்க."

"எனக்குக் கூச்சமா இருக்குக்கா."

"கையப் பாக்கெட்டுல விடு பிள்ள. நடை தானா வந்துரும்."

வந்தது. அப்பளக் கடை தாண்டும்போது என் முதுகு நிமிர்ந்திருந்ததை நானே கவனித்தேன். இரண்டாம் சுற்றில் கல்லூரிப் பெண்கள் பின்னாலேயே வந்து, "இது எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்கள். எங்களில் மூத்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்க கம்பெனி" என்றார்.

சாயங்காலத்துக்குள் மேஜை காலி. கடைசியாக ஒரு ஜவுளிக்கடை முதலாளி வந்து சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தீபாவளி சீசனுக்கு ஆர்டர் தாரேம்மா. பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்கு இம்புட்டுப் பாக்கெட்டு? அத மட்டும் எடுத்துரு."

"சட்டைய வேணா எடுத்துர்றேன் அண்ணாச்சி. பாக்கெட்டு இருக்கட்டும்."

பாக்கெட்டோடுதான் ஆர்டர் தந்தார். அந்தத் தீபாவளிக்கு பஜாரில் பாதிப் பெண்கள் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் மாதிரித் திரிந்தார்கள்.

எனக்குள் நிற்பது கண்காட்சி முடிந்து திரும்பிய அந்தச் சாயங்காலம்தான். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அடுத்த வருஷத்துக்கு மழைக்கோட்டு தைப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவர், பாதி வாக்கியத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அவர் அயர்ந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. நான் எழுப்பவில்லை.