மைக்கில் மன்னிப்பவர்

மன்னிக்காதவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது மன்னித்தே தீருகிறவர்களைப் பற்றி. இவர்கள் ஆபத்தானவர்கள். இவர்களிடம் ஒருமுறை மன்னிப்பு வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது.

எப்படி அடையாளம் காண்பது? ஆலயத்துக்குள் நுழைந்ததும் மகா தாழ்மையோடு கடைசி பெஞ்சில் உட்காருவார், உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, பைபிளைச் சத்தமாகப் புரட்டி, "ஐயா, நீங்க போய் இங்கயா? முன்னாடி வாங்க" என்று யாராவது கையைப் பிடித்து இழுக்கும்வரை காத்திருப்பார். யாரும் இழுக்கவில்லையா? அன்றைக்கு மொத்தச் சபைக்கும் மன்னிப்பு உண்டு. பொறுமையும் ஏராளம். பஸ் தாமதமானால், "நான் பொறுமையாத்தான் இருக்கேன்" என்று நிமிஷத்துக்கு ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவார்.

எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். என் பெரியப்பா. மூன்று வருஷத்துக்கு முன் ஆலயத்தில் தனியாகப் பாடினார். உச்சத்துக்குப் போன குரல் அங்கேயே பிசிறடித்து நின்றது. அப்பா சிரித்துவிட்டார். கைக்குட்டையால் வாயைப் பொத்தியும் சத்தம் வெளியே வந்துவிட்டது. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. மன்னிப்பு மட்டும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தை நடத்துகிறவர் பெரியப்பா. மைக் அவர் கையில்.

"கர்த்தாவே, பேர் சொல்ல விரும்பல. பச்சைக் கதவு வீட்டுல, கட்டில் பீரோ செய்ற ஒருத்தர், எனக்குக் கூடப்பிறந்தவர். அவரை மன்னிச்சுட்டேன்."

"ஆமென்" என்று சபை முழுக்கத் திரும்பி அம்மாவைப் பார்க்கும்.

போன மாதம் அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு என்றார்கள். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். அப்பா டாக்டரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம், "அண்ணனுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும். அம்மா போன் செய்தபோது, "நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிடும்மா" என்று வைத்துவிட்டார் மனுஷன்.

எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒரு வழக்கம். வேண்டுதல்களைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். பெரியப்பா ஒவ்வொன்றாகப் பிரித்து மைக்கில் வாசிப்பார். முன்கூட்டியே பார்ப்பது விசுவாசக் குறைவாம். அந்த விசுவாசம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நானும் ஒரு சீட்டு போட்டேன்.

முழங்கால் வலியை வாசித்தார். விசாவை வாசித்தார். அடுத்தது: "கர்த்தாவே, தம்பியை நூத்தம்பது வெள்ளிக்கிழமை மன்னிச்ச ஒரு அண்ணன், வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் அஞ்சு நிமிஷம் அவன் பக்கத்துல உட்கார..."

நிறுத்தினார். மைக் மட்டும் இரைந்தது.

"...பெலன் தாரும்."

சபை வழக்கமான உற்சாகத்தோடு, "ஆமென்!" என்றது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வார்டு வாசலில் வந்து நின்றார் பெரியப்பா, சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"வாண்ணே. மன்னிச்சுட்டியாமே, ஊரே சொல்லுது" என்றார் அப்பா.

"இல்லடா." பெரியப்பா தரையைப் பார்த்தார். "இன்னும் மன்னிக்கல. நினைச்சாலே எரியுது. அதான் சும்மா சும்மா சொல்லிட்டிருந்தேன்."

"நல்லவேளை. நானும் இன்னும் மன்னிப்பே கேக்கல." அப்பா கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். "தப்புதான்ண்ணே. உட்காரு."

யார் கை யார் கையைப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, இல்லாத பல்லியை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். பெரியப்பா இப்போது வாரம் இரண்டு முறை நேரில் வந்தே சண்டை போடுகிறார்.

அது கிடக்கட்டும். இதைப் படிக்கையில் உங்களுக்கும் ஒருவர் ஞாபகம் வந்திருப்பாரே? "அவரையா? எப்பவோ மன்னிச்சாச்சு" என்கிறீர்களா? ரொம்பச் சந்தோஷம். இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்? அந்தக் கணக்கில் அவர் உண்டா?